சி.ஐ.டி. வீட்டு மாப்பிள்ளை

எங்கள் மெஸ்ஸில் மதியச் சாப்பாட்டுக் கூட்டம் கலைந்து மேசைகளைத் துடைத்துவிட்டால், சாயங்கால டிபனுக்கு மாவு எடுக்கும்வரை கூடம் சும்மா கிடக்கும். அண்ணாமலை நகரில் அந்த நேரம் பிள்ளைகள் வகுப்பில் இருப்பார்கள், இல்லையென்றால் லாட்ஜில் தூங்குவார்கள். அந்தச் சும்மா நேரத்தில்தான், வெள்ளைக்காரன் காலத்துப் போலீஸ் உளவுப் பிரிவு ஒன்றைப் பற்றிச் சுயேச்சையாக ஓர் ஆய்வு நடத்துவதற்கான திட்டம் என் ஜன்னலோர மேசையில் உட்கார்ந்து போடப்பட்டது. அந்தத் திட்டக் குழுவில் கொஞ்ச காலம் நானும் ஓர் ஆள்.

எட்டாவதோடு படிப்பை நிறுத்தியவன் நான். அதைவிட முக்கியம், கவலைப்படுகிறவன். கேஸ் சிலிண்டரை மூடினேனா என்று பார்க்க ரயிலடி வரை போய்த் திரும்பி வந்திருக்கிறேன். மூடித்தான் இருந்தது. எப்போதும் மூடித்தான் இருக்கும். அப்படிப்பட்டவனைப் போலீஸ், உளவு, விசாரணை என்கிற மூன்று வார்த்தைகளும் சேர்ந்து வரும் ஒரு வேலைக்கு யார் கூப்பிடுவார்கள்?

கூப்பிட்டது ஒரு சரித்திரப் பேராசிரியை. ஓய்வு பெற்றவர், குவார்ட்டர்ஸைக் காலி செய்து பக்கத்துத் தெருவிலேயே வீடு பிடித்திருந்தார், எங்கள் மெஸ்ஸில்தான் மதியச் சாப்பாடு. அவருடன் இன்னும் இரண்டு பேர் வருவார்கள். ஒருவர் சிதம்பரம் கோர்ட்டு வக்கீல். இன்னொருவர் ரிட்டயர்டு போலீஸ் இன்ஸ்பெக்டர், தன் சர்வீஸில் பாதியை உளவுப் பிரிவில் கழித்தவர். ஒருநாள் மோர் ஊற்றப் போனபோது பேராசிரியை சொன்னார்.

"நாங்க மூணு பேரும் படிச்ச பாஷையிலயே பேசிக்கறோம். அறிக்கைய கடைசில நாங்களே படிச்சுக்க வேண்டியதுதான். நீங்களும் ஒரு ஆளா ஒக்காருங்க."

"நான் எட்டாவதுங்க மேடம்."

"தெரியும். ஒங்களுக்குப் புரியலேன்னா நாங்க திருப்பி எழுதணும், அவ்வளவுதான் வேல."

"இதனால பின்னாடி போலீஸ் தொந்தரவு ஏதாவது..."

இன்ஸ்பெக்டர் இலையிலிருந்து தலை நிமிரவில்லை. "நானே வந்து ஒங்க மோர்ல பாதிய காலி பண்றேன். இதுக்கு மேல என்னாத்த தொந்தரவு பண்றது."

விஷயம் என்னவென்று எனக்குப் புரிந்தபடி சொல்கிறேன். கடலூருக்கு வடக்கே ஆற்றைத் தாண்டிக் கொஞ்ச தூரம் போனால் அந்தக் காலத்தில் பிரெஞ்சுக்காரன் எல்லை. இங்கே தேடப்பட்டவர்கள் அங்கே போய் இருந்துகொள்வார்கள். யார் போகிறார்கள், யார் வருகிறார்கள், யார் வீட்டில் சாப்பிடுகிறார்கள் என்று பார்த்து எழுதுவதற்கென்றே வெள்ளைக்காரன் ஆள் வைத்திருந்தான். அவர்கள் எழுதியதை இப்போது சென்னை ஆவணக் காப்பகத்தில் யார் வேண்டுமானாலும் பார்க்கலாம் என்று ஆகிவிட்டது. ஆளாளுக்குப் போய்த் தனக்கு வேண்டியதை மட்டும் எடுத்து வருகிறார்கள். ஒருவர் தன் தாத்தாவைத் தியாகி என்கிறார். அடுத்த வீட்டுக்காரர் அதே பக்கத்தைக் காட்டி, இவர்தான் காட்டிக் கொடுத்தவர் என்கிறார். ஸ்ரீமுஷ்ணம் பக்கம் இரண்டு குடும்பங்கள் இப்படியே பேச்சை விட்டுவிட்டன. ஆகவே எந்தப் பக்கமும் சாயாத சிலர் உட்கார்ந்து, அந்தப் பிரிவு இந்த மாவட்டத்தில் என்ன செய்தது, யார் சொல்லிச் செய்தது, யாருக்கு என்ன கெடுதல் வந்தது, எழுதினதில் எவ்வளவு நிஜம் என்று பார்க்க வேண்டும். இதுதான் திட்டம்.

முதல் கூட்டங்கள் கேள்விகளை எழுதுவதிலேயே போயின. எனக்கு அதில் பிடித்த ஆள் இன்ஸ்பெக்டர்தான். "எழுதினதில் எவ்வளவு நிஜம்" என்கிற கேள்வி அவர் போட்டது.

"வாரா வாரம் மேல அனுப்பணும் சார். ஒண்ணும் நடக்கலன்னு எழுதுனா, நீ என்னா புடுங்குனேன்னு கேப்பாங்க. அப்ப என்னா பண்ணுவான்? டீக்கடையில நாலு பேர் சிரிச்சிருப்பான். 'ரகசியமாகக் கூடினர்'னு எழுதுவான்."

"நீங்க எழுதியிருக்கீங்களா?" என்று கேட்டார் வக்கீல்.

"நான் சுதந்திர இந்தியாவுல எழுதுனேன். அது இந்தக் கமிட்டி வரம்புல வராது."

வக்கீல் அவ்வளவு சத்தமாகச் சிரித்து நான் அதற்கு முன் பார்த்ததில்லை. எனக்கும் சிரிப்பு வந்தது. ஆனால் பேராசிரியை அடுத்த கேள்வியைப் படித்தபோது நான் பாலைப் பார்த்துவிட்டு வருகிறேன் என்று எழுந்து போய்விட்டேன். தகவல் கொடுத்த உள்ளூர் ஆட்களின் பெயர்களை அறிக்கையில் போடுவதா, வேண்டாமா? அதுதான் கேள்வி.

பால் அடுப்பிலேயே இல்லை. குளிர்சாதனப் பெட்டியில் இருந்தது.

நான் பெண் எடுத்தது கடலூர் ஓ.டி.யில், அதாவது பழைய டவுனில். அந்த வீட்டுக்கு ஊரில் பெயர் சி.ஐ.டி. வீடு. அது இருக்கும் சந்துக்கு சி.ஐ.டி. வீட்டுச் சந்து. நகராட்சி ஏதோ ஒரு தலைவர் பெயரை வைத்துப் பலகை நட்டிருக்கிறது, அது பலகையோடு சரி. ஆட்டோக்காரர், சிலிண்டர் போடுகிறவர், கல்யாணப் பத்திரிகை வைக்க வருகிறவர் எல்லோரும் சி.ஐ.டி. வீடு என்றுதான் கேட்டு வருவார்கள். பெண் பார்க்கப் போன அன்று எங்கள் பெரியப்பா அந்தப் பெயரைக் கேட்டுவிட்டு, "சம்பந்தி என்னா போலீஸா?" என்று கேட்டார். என் மாமனார், "எங்கப்பா சைக்கிள் கடை வெச்சிருந்தாரு" என்று சொல்லிவிட்டு காபியை நகர்த்தி வைத்தார். அதற்கு மேல் யாரும் கேட்கவில்லை. மாமனாரும் போய்விட்டார். இப்போது அந்த வீட்டில் இருப்பது என் மனைவியின் அண்ணன், என் மச்சான்.

மனைவியிடம் கமிட்டி விஷயத்தைச் சொன்னேன். அவள் வெங்காயம் உரித்துக்கொண்டே கேட்டாள்.

"எங்க தாத்தா பேரு அதுல வருமா?"

"தெரியல."

"வந்தா?"

"அதான் யோசிக்கறேன்."

"நீங்க யோசிச்சா எட்டு நாள் தூங்க மாட்டீங்க. அண்ணன்கிட்ட போயி நேரா சொல்லிட்டு வாங்க."

ஞாயிற்றுக்கிழமை மெஸ் அரை நாள் என்பதால் மதியத்துக்கு மேல் கடலூர் பஸ் ஏறினேன். மச்சானுக்குத் துறைமுகத்துப் பக்கம் படகு எஞ்சின் ரிப்பேர் பட்டறை. நான் போனபோது ஓர் எஞ்சினைப் பிரித்துப் பாகங்களைச் சாக்கில் பரப்பி வைத்திருந்தார். கையெல்லாம் கிரீஸ். ஒரு படகுக்காரர் வெளியே நின்று கத்தினார்.

"என்னா சி.ஐ.டி., எஞ்சின் உண்மைய ஒத்துக்கிச்சா?"

"இன்னும் ரெண்டு அடி அடிக்கணும்" என்றார் மச்சான். பிறகு என்னைப் பார்த்து, "வா மாப்ள, என்னா மூஞ்சி இப்பிடி இருக்கு, சாம்பார்ல பல்லி வுழுந்துச்சா?" என்றார்.

சொன்னேன். ஆரம்பத்திலிருந்து எல்லாவற்றையும் சொன்னேன். அவர் ஒரு போல்ட்டை மண்ணெண்ணெயில் நனைத்துத் துடைத்துக்கொண்டே கேட்டார். முடித்ததும் அதை ஓரமாக வைத்தார்.

"தோ அவன் கூப்பிட்டான் பாத்தியா, சி.ஐ.டி.ன்னு. எனக்குக் கோவம் வந்துச்சா?"

"இல்ல மச்சான்."

"நானே போன்ல அட்ரஸ் அப்பிடித்தான் சொல்லுவேன். இப்ப அது வெறும் பேரு மாப்ள. எதனால வந்துச்சுன்னு ஒருத்தனுக்கும் நெனப்பு இல்ல. நீங்க புஸ்தகமா போட்டீங்கன்னா அது சேதி ஆயிடும்."

"தாத்தா நெசமாவே சொன்னாரா மச்சான்?"

அவர் இன்னொரு போல்ட்டை எடுத்தார். மஞ்சக்குப்பத்தில் தாத்தாவுக்கு வாடகை சைக்கிள் கடை இருந்தது என்றார். வாடகைக்கு விடுகிறவன், எங்கே போகிறாய், எப்போது வருவாய் என்று கேட்டுத்தான் ஆகவேண்டும். கேட்காமல் விட்டால் சைக்கிள் திரும்பாது. ஆகவே எல்லைக்கு அந்தாண்டை யார் போகிறார்கள் என்பது அவருக்குத் தொழிலோடு சேர்ந்து தெரிந்த விஷயம். சாதாரண உடுப்பில் ஒரு போலீஸ்காரர் கடை வாசலில் உட்கார்ந்திருப்பாராம். காய்ச்சலில் படுத்தபோது அவரைத் தாத்தா வீட்டுக்குக் கூட்டி வந்து கஞ்சி கொடுத்து வைத்திருந்தாராம். அன்றைக்கு வீட்டுக்கு விழுந்த பெயர்.

"அவ்ளோதான் எங்களுக்குத் தெரியும். வாசல்ல ஒக்காந்தவன் எதுனா கேட்டிருப்பான். இவரு எதுனா சொல்லியிருப்பாரு. இல்ல மாத்திச் சொல்லியிருப்பாரு. யாரு கண்டா."

பிறகு துணியில் கையைத் துடைத்துக்கொண்டு, நான் பயந்துகொண்டே வந்த அந்தப் பேச்சுக்கு வந்தார். விலகிவிடு என்பார் என்று நினைத்திருந்தேன். அதற்குச் சொல்ல வேண்டிய பதிலை வீட்டிலேயே தயார் செய்து வைத்திருந்தேன். அவர் கேட்டது வேறு.

"நீ வெலகிடாத. உள்ளயே இரு. எங்க வீட்டுப் பேரு வர எடத்துல மட்டும் பாத்துக்க. ஒனக்கு நான் எதையும் கேட்டது இல்ல."

கேட்டது இல்லைதான். எங்கள் கல்யாணத்துக்குப் பிறகு மெஸ் ஆரம்பிக்க ஓடி அலைந்தவர் அவர். என் பிள்ளைகளுக்கு மொட்டையடித்து மடியில் வைத்துக் காது குத்தியது அவர். எங்கள் பக்கம் மச்சான் ஒன்று கேட்டால், யோசித்துச் சொல்கிறேன் என்றுகூடச் சொல்ல முடியாது. அதுவே முடியாது என்று சொன்ன மாதிரி.

"சரி மச்சான்" என்று சொல்லிவிட்டு வந்தேன்.

திரும்பும் பஸ்ஸில் ஆலப்பாக்கம் வரைக்கும் எனக்கு எதுவும் தோன்றவில்லை. அதற்குப் பிறகு எல்லாம் தோன்றியது.

அடுத்த கூட்டத்தில் வக்கீல் ஒரு விதி எழுதிக்கொண்டு வந்திருந்தார். சுயேச்சையான ஆய்வு என்றால் அதில் உட்காருகிறவருக்கு எந்தப் பக்கமும் உறவு இருக்கக்கூடாது. உளவு பார்த்தவர்களோடும் சரி, பார்க்கப்பட்டவர்களோடும் சரி, தகவல் சொன்னவர்களோடும் சரி, இரத்த சம்பந்தமான உறவு உள்ள யாரும் குழுவில் இருக்கக் கூடாது. படித்துவிட்டு, "எல்லாருக்கும் சம்மதந்தானே?" என்றார். பேராசிரியை தலையாட்டினார். இன்ஸ்பெக்டர் பஜ்ஜியைப் பிட்டுக்கொண்டே தலையாட்டினார்.

எனக்கு அந்த வீட்டோடு இரத்த உறவு கிடையாது. விதிப்படி நான் சுத்தம். வாயைத் திறக்காமல் இருந்தால் போதும், உள்ளேயே இருக்கலாம், பார்த்துக்கொள்ளவும் செய்யலாம். மச்சான் கேட்டதும் ஆயிற்று, விதியையும் மீறவில்லை. ஒரு கவலைக்காரனுக்கு இவ்வளவு வசதியாக எதுவும் அமைந்தால் அதுவே பயம். தட்டில் பஜ்ஜி ஆறிக்கொண்டிருந்தது.

"சார், ஒரு சந்தேகம்" என்றேன். "மச்சான் உறவு இதுல சேருமா?"

"இரத்த உறவுதான் போட்டிருக்கு."

"அதான் சார் கேக்கறேன். எங்க பங்காளிங்க பாதிப் பேரு எங்கிட்ட பேசுறது இல்ல. அவுங்க பேரு வந்தா எனக்கு ஒண்ணும் ஆவாது. மச்சான் வீட்டுப் பேரு வந்தா நான் சாயாம இருக்க முடியுமான்னு தெரியல."

வக்கீல் மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார். "யாரோ வெள்ளக்காரன் போட்ட விதியப் பாத்து எழுதுனேன். அவனுக்கு மச்சான் கிடையாது."

"இருந்திருப்பான், கண்டுக்க மாட்டான்" என்றார் இன்ஸ்பெக்டர்.

இரத்த உறவோடு "பெண் கொடுத்த, பெண் எடுத்த வீடு" என்று வக்கீல் சேர்த்து எழுதினார். எழுதியவர் அப்படியே பேனாவைப் பிடித்துக்கொண்டு இருந்தார். தன் மனைவியின் அம்மா வீட்டில் தியாகி பென்ஷன் வாங்கியவர் ஒருவர் இருந்தார் என்றார். பேராசிரியை கொஞ்சம் யோசித்து, தன் தங்கையைக் கொடுத்த வீட்டுப் பெரியவர் அந்தக் காலத்தில் கடலூர் கலெக்டர் ஆபீசில் மொழிபெயர்ப்பு குமாஸ்தா, தமிழில் வந்த உளவு எல்லாம் அவர் கையால்தான் இங்கிலீஷ் ஆகியிருக்கும் என்றார். இன்ஸ்பெக்டரைப் பற்றிக் கேட்கவே வேண்டாம், அவர் அப்பாவும் போலீஸ்.

"அப்ப யாருதான் மிச்சம்?" என்றார் பேராசிரியை.

"பஜ்ஜி சட்டிதான்" என்றார் இன்ஸ்பெக்டர். "அதுவும் இவரு வீட்டுது."

எல்லோரும் சிரித்தோம். ஆனால் என் முறை இன்னும் பாக்கி இருந்தது, எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். சி.ஐ.டி. வீடு என்று சொன்னேன். பேராசிரியைக்கு அந்தச் சந்து தெரியும். "அந்த வீட்டுக்கா நீங்க மாப்பிள்ள?" என்று மட்டும் கேட்டார். மச்சான் என்னிடம் கேட்டதையும் சொன்னேன். அதைச் சொல்லியிருக்க வேண்டுமா என்று இன்றைக்கும் நினைப்பேன். சொன்ன பிறகுதான் பஜ்ஜியைத் தின்ன முடிந்தது.

அன்றைக்கு முடிவானது இரண்டு. ஒன்று, ஆய்வை நடத்துகிறவர்கள் இந்த மாவட்டத்தில் கொடுக்கல் எடுக்கல் இல்லாத வெளியூர்க்காரர்களாக இருக்க வேண்டும். நாங்கள் கேள்விகளை எழுதி அவர்களிடம் ஒப்படைத்துவிட்டு விலகிக்கொள்ள வேண்டும். இரண்டாவது, பேராசிரியை சொன்னது. எந்த வீட்டின் பெயரைப் போடுவதாக இருந்தாலும், முதலில் அந்த வீட்டுக்குப் போய்க் கேட்க வேண்டும். அவர்கள் சொல்வதைப் பக்கத்திலேயே, அதே அளவு எழுத்தில் போட வேண்டும். போலீஸ் சொன்னது பெரிசு, வீடு சொன்னது சிறிசு என்று இருக்கக்கூடாது.

"அவுங்க எதுவும் சொல்ல மாட்டேன்னுட்டா?" என்று கேட்டேன்.

"அப்ப அந்த எடம் காலியா இருக்கும். காலியா இருக்கறதும் தெரியணும் இல்ல?"

மச்சானுக்குப் போன் செய்தேன். நான் வெளியே வந்துவிட்டேன் என்றேன், காரணத்தையும் சொன்னேன். அந்தப் பக்கம் எஞ்சின் ஓடும் சத்தம் கேட்டது. பிறகு அதை நிறுத்தினார்கள்.

"நான் கேட்டதையும் சொல்லிட்டியா?"

"சொல்லிட்டேன் மச்சான்."

"சரி" என்று வைத்துவிட்டார்.

அதற்குப் பிறகு அவர் பேசவில்லை. எஞ்சின் சீசன், வேலை ஜாஸ்தி என்று மனைவி சொன்னாள். அவளுக்கு மட்டும் போன் வந்தது. நான் பக்கத்தில் இருந்தால் போனைக் கையில் பொத்திக்கொண்டு கொல்லைப்பக்கம் போனாள். ஆடிக்குச் சீர் வந்தது, அதைக் கொண்டுவந்தது அவர் இல்லை, அவர் மனைவி. பிச்சாவரத்தில் படகு வேலைக்கு வந்தவர் சிதம்பரம் வழியாகவே போய்விட்டு மெஸ்ஸில் இறங்கவில்லை என்று வேறு யாரோ சொல்லித் தெரிந்தது. எனக்கு இட்லி மாவு புளிப்பதுகூட அதனால்தான் என்று இருந்தது.

வெளியூர்க் குழு அமைந்தது. மூன்று பேர். அவர்கள் கடலூருக்கு வரப்போவதாகப் பேராசிரியை சொன்ன அன்றைக்கு, மச்சானிடமிருந்து நேராக எனக்கே போன்.

"எவனோ பேசுனான், நல்லாத்தான் பேசுனான். எங்க வீட்டு சார்பா என்னா சொல்லணுமோ சொல்லலாமாம். புதன்கெழம வரானுங்க."

"சொல்லுங்க மச்சான்."

"நான் தனியா ஒக்காந்து என்னாத்த சொல்றது? நீ வந்து எங்க பக்கம் ஒக்காரு. அங்கதான் ஒக்கார முடியாம ஆயிடுச்சே."

அது கோபமா, சமாதானமா என்று எனக்குத் தெரியவில்லை. மெஸ்ஸுக்கு லீவு விட்டுவிட்டு மனைவியோடு போனேன். கேஸை அவள் மூடினாள், நான் பார்த்தேன்.

வீட்டுக் கூடத்தில் பிளாஸ்டிக் நாற்காலிகள் எதிரெதிராகப் போட்டிருந்தன. மச்சான் வெள்ளைச் சட்டை போட்டிருந்தார், நகத்தில் மட்டும் கிரீஸ் போகவில்லை. என்னைப் பார்த்து, "ஒக்காரு" என்று தன் பக்கத்து நாற்காலியைக் காட்டினார். உட்கார்ந்தேன்.

"என்னா சொல்லப் போறீங்க?" என்று மெதுவாகக் கேட்டேன்.

"சைக்கிள் கட. கஞ்சி. அவ்ளோதான். சொன்னாரா இல்லியான்னு கேட்டா தெரியாதும்பேன். ஒங்களுக்குத் தெரிஞ்சா சொல்லுங்கன்னு நான் கேப்பேன்."

"பயமா இல்லியா?"

"ஒன்னவிடவா?"

வரவேண்டிய நேரம் தாண்டியும் அவர்களைக் காணவில்லை. எனக்கு வழக்கம்போல விபத்து, வண்டி பஞ்சர், மனசு மாறிவிட்டார்கள் என்று வரிசையாக ஓடியது. மச்சானின் போன் அடித்தது. அவர் கேட்டுக்கொண்டே கூடத்துக்கும் வாசலுக்குமாக நடந்தார். பழைய கதவு எண் சொன்னார், புது எண் சொன்னார். பலகையில் இருக்கும் தலைவர் பெயரைச் சொன்னார். மாரியம்மன் கோயிலுக்கு எதிர்ச் சந்து என்றார். அந்தப் பக்கம் அவர்கள் விசாரித்த யாருக்கும் எதுவும் தெரியவில்லை போலிருக்கிறது.

மச்சான் நின்றார். என்னைப் பார்த்தார், தங்கையைப் பார்த்தார்.

"சரி, அதெல்லாம் வுடுங்க சார்" என்றார் போனில். "யாரையாவது நிறுத்தி சி.ஐ.டி. வீடு எதுன்னு கேளுங்க. கொண்டாந்து வுட்டுடுவாங்க."